குளத்து மரத்தை ஏலம் விடும் முன் யார் போய்ப் பார்ப்பது? நெல்லைச் சீமையில் காட்டுயிர் காக்க ஊர்க்காரர் செய்யக்கூடியவை

ராதாபுரம் டீச்சர் | சனி, இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். ராதாபுரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பசுமைப் படைப் பொறுப்பும் என்னிடம்தான். வருஷா வருஷம் மரக்கன்று நடுகிறோம், படம் எடுக்கிறோம், ஓவியப் போட்டி வைக்கிறோம். இந்த வருஷம் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள்: "டீச்சர், புலியும் யானையும் மலையில இருக்கு. நாம இங்க இருந்துக்கிட்டு என்ன செய்ய முடியும்?"

எல்லோரையும் முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குக் கூட்டிப்போக வசதி இல்லை. போனாலும் ஒரு நாள் பார்த்துவிட்டு வருவதோடு முடிந்துவிடும். வனத்துறையிலோ ஆராய்ச்சியிலோ இல்லாத சாதாரண ஊர்க்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் நம் மாவட்டத்திலேயே உருப்படியாக என்ன செய்யலாம்? சுவரொட்டி, உறுதிமொழி தவிர்த்து வேறு ஏதாவது சொல்லுங்கள்.

குளத்தங்கரை | சனி, இரவு 9:15

டீச்சர், பிள்ளைகளிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள். காட்டுயிர் மலையில் மட்டும் இல்லை. உங்கள் ஊருக்கும் நாங்குநேரிக்கும் நடுவில் எத்தனை குளம் இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷத்தில் சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நத்தை குத்தி நாரை எல்லாம் அங்கே வந்துவிடும். இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பட்டைத்தலை வாத்து வருகிறது. டவுனுக்குள் இருக்கிற நயினார்குளத்திலேயே பறவை பார்க்கலாம்.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் தை மாதத்தை ஒட்டி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், நெல்லை இயற்கைச் சங்கம், தூத்துக்குடியின் முத்துநகர் இயற்கைச் சங்கம் எல்லாம் சேர்ந்து தொடங்கியது. அதில் குளம் குளமாக நடப்பவர்களில் பாதிப்பேர் கல்லூரிப் பிள்ளைகள், வாத்தியார்கள், வேலைக்குப் போகிறவர்கள். பறவை தெரிந்த ஒருவர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார், மற்றவர்கள் கூடப் போய்க் கற்றுக்கொள்ளலாம். பொங்கல் நாலு நாளும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. அதற்கு எங்கேயும் போக வேண்டாம். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இபேர்டு செயலியில் ஏற்றினால் போதும். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியிலேயே செய்யலாம்.

பெரிய கூட்டத்தை எப்படி எண்ணுவது என்று பிள்ளைகள் கேட்பார்கள். முதலில் பத்துப் பறவையை ஒன்றொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, கூட்டம் முழுவதையும் அந்த அளவால் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுப் பார்த்தால் பிழை குறையும். கணக்குப் பாடமும் கூடவே நடந்துவிடும்.

கேமராக்காரன் | சனி, இரவு 9:48

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. பிள்ளைகளைக் குளத்துக்குக் கூட்டிப்போகும்போது கூடு இருக்கிற மரத்தடிக்குப் போகவிடாதீர்கள். தாய்ப்பறவை எழுந்து போனால் உச்சி வெயிலில் குஞ்சு கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. காக்காயும் பருந்தும் அதற்காகவே காத்திருக்கும். பூநாரைக் கூட்டம் பறக்கிற படம் வேண்டும் என்று கல்லை விட்டெறிகிறவர்களையும் டிரோன் விடுகிறவர்களையும் இந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது. அப்படி யாராவது செய்தால் படம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டாதீர்கள். கரையில் உட்கார்ந்து பார்த்தாலே எல்லாம் தெரியும்.

திருக்குறுங்குடி வாழை | சனி, இரவு 10:20

எண்ணுங்கள், நல்ல காரியம்தான். ஆனால் இந்த மாதிரிப் பேச்சு வந்தாலே எங்கள் பக்கத்தை யாரும் பேசுவதில்லை. மலையடிவாரத்தில் வாழை போட்டிருக்கிறேன். பன்றி ராத்திரியோடு ராத்திரியாக வந்து கிழங்கைத் தோண்டிச் சாய்த்துவிட்டுப் போகிறது. சில மாதம் யானை வருகிறது. கீழே வயல்காரர்களுக்கு மயில். குலை தள்ளுகிற நேரம் முழுக்கப் பரண் மேல்தான் படுக்கை. காட்டுயிரைக் காப்பாற்றச் சொல்லும் யாராவது ஒரு ராத்திரி எங்களோடு முழித்திருந்தால் தெரியும். பொதுமக்கள் பங்கு என்று சொல்கிறீர்களே, நாங்கள் கொடுக்கிற பங்கை யாராவது கணக்கில் எடுக்கிறீர்களா?

சேரை ஆத்தங்கரை | சனி, இரவு 10:41

அண்ணாச்சி கேட்பது நியாயம். இங்கே காட்டுயிரோடு ஒண்டிக் குடியிருப்பது நீங்கள்தான். நஷ்டம் உங்களுக்கு, அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது நாங்கள். எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உங்கள் பக்கம் அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) வைக்கிறார்களா?

திருக்குறுங்குடி வாழை | சனி, இரவு 11:02

எங்கள் தெருவில் யாரும் வைப்பதில்லை, வைக்க விடுவதும் இல்லை. பன்றிக்கென்று வைத்ததை மாடு கடித்தால் வாய் சிதறிப்போகும். யானைக் குட்டி கடித்தாலும் அதே கதிதான், தின்ன முடியாமல் பட்டினியில் சாகும். வேலியில் நேரடியாகக் கரண்ட் கொடுப்பதும் அப்படித்தான். பன்றி சாகிறதோ இல்லையோ, ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரன் சாவான். இதை வனத்துறை வந்து சொல்வதைவிட ஊருக்குள் பெரிய ஆள் ஒருத்தர் சொன்னால் கேட்பார்கள்.

ஆனால் நஷ்டஈடு விஷயத்தில் அலைக்கழிப்பு ரொம்ப. மனு எழுத வேண்டும், சேதத்தைப் படம் எடுக்க வேண்டும், அடங்கல் (பயிர்க் கணக்கு நகல்) வாங்க வேண்டும், பட்டா நகல், வங்கிப் புத்தகம் எல்லாம் சேர்த்து வனச்சரக அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வயசானவர்கள் இதற்கு அலைய முடியாமல் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் மனசில் வன்மம்தான் மிஞ்சும். அடுத்த முறை பன்றிக்கு மருந்து வைக்கத் தோன்றும்.

குளத்தங்கரை | ஞாயிறு, காலை 6:10

டீச்சர், இந்தப் பதிவைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்து ஊர்களில் படித்த பிள்ளைகள் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன். சேதமான அன்று காலையிலேயே போய், இடமும் தேதியும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்துக் கொடுப்பது, மனு எழுதிக் கொடுப்பது, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்வது. பத்து மரக்கன்று நடுவதைவிட இது ஒரு யானையின் உயிருக்குப் பக்கத்தில் இருக்கிற வேலை.

இதற்கு நம் மாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. களக்காடு–முண்டந்துறை 1988ல் புலிகள் காப்பகம் ஆனது, தமிழ்நாட்டிலேயே முதலாவது. அதற்கப்புறமும் அடிவார ஊர்களில் இருந்து தலைச்சுமையாக விறகு இறங்கிக்கொண்டுதான் இருந்தது. 1990களின் நடுவில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்து, ஊருக்கு ஊர் கிராம வனக்குழு அமைத்து, சாண எரிவாயு, சுயதொழில் கடன் என்று வேறு வழி காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் காட்டுக்குள் விறகுக்குப் போவது குறைந்தது. விறகு சுமந்த பெண்கள் கையில் வேறு வருமானம் வந்ததால் நடந்த காரியம் அது.

நெல்லை டவுன்வாசி | ஞாயிறு, காலை 7:30

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை வெளியேற்றியதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

நடத்துநர் | ஞாயிறு, காலை 7:52

அதற்குத் தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே தொடருங்கள். இங்கே டீச்சரின் கேள்வியோடு நிற்போம்.

அம்பை வக்கீல் | ஞாயிறு, காலை 9:05

இதுவரை யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. நம் பக்கத்துக் குளங்களில் வனத்துறை சமூகக் காடு வளர்ப்பில் போட்ட நாட்டுக் கருவேல மரங்கள் நிறைய நிற்கின்றன. நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுவது அவற்றில்தான். தை, மாசியில் கூடு கட்டத் தொடங்கினால் குஞ்சு இறக்கை முளைத்துப் போக வைகாசி, ஆனி ஆகிவிடும். மரத்தை ஏலம் எடுத்தவர் எப்போது வெட்டுவார்? தண்ணீர் வற்றி லாரி உள்ளே இறங்கக்கூடிய பங்குனி, சித்திரையில். கூட்டில் குஞ்சு இருக்கிற அதே நேரம். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஏலம் போடுகிற மேசையில் இருப்பவருக்கு அந்த மரத்தில் கூடு இருப்பது தெரியாது, அவ்வளவுதான். 2017ல் சீமைக் கருவேலத்தை அகற்ற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோதும் இதே கதைதான். சீமைக் கருவேலம் எது, நாட்டுக் கருவேலம் எது, எதில் கூடு இருக்கிறது என்று ஜேசிபி ஓட்டுகிற பையனுக்கு யார் சொல்வது? ஊர்க்காரர்தான் சொல்ல வேண்டும்.

எப்படிச் சொல்வது என்று கேட்டால், கிராம சபை. தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 சரியாகக் கூடு கட்டும் பருவத்தில் வருகிறது. "இந்தக் குளத்தில் பறவைகள் கூடு கட்டியுள்ளன, குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை மரம் வெட்ட வேண்டாம், வெடி வெடித்துப் பறவை விரட்ட வேண்டாம்" என்று ஒரு தீர்மானம் போடுங்கள். மீன் குத்தகை விடும்போதும் இதே நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். குத்தகைதாரர் நஷ்டத்துக்குப் பயந்துதான் வெடி போடுகிறார். அவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

மனு யாரிடம் போக வேண்டும் என்பதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள குளம் நீர்வளத்துறையிடம் இருக்கும், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம். மரம் வனத்துறை நட்டதாக இருந்தால் அவர்களுக்கும் ஒரு நகல். தப்பான அலுவலகத்தில் கொடுத்த மனு அங்கேயே கிடக்கும்.

இன்னொன்று. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் என்னென்ன செடி கொடி, பறவை, மீன், நாட்டு விதை இருக்கிறது என்று மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுவது அதன் வேலை. உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கூடு கட்டும் மரங்கள் அதில் ஏறாமல் இருந்தால் ஏற்றச் சொல்லுங்கள். மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனதும் இந்தச் சட்டத்தின் கீழ்தான்.

ஓய்வுபெற்ற கிளார்க் | ஞாயிறு, காலை 10:15

தீர்மானம், மனு என்று காகிதம் எழுதி எதுவும் நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. வக்கீல் சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அம்பை வக்கீல் | ஞாயிறு, காலை 10:50

கோபம் ஒன்றும் இல்லை சார். நீங்கள் ஒரு முறை திருப்புடைமருதூர் போய் வாருங்கள், எங்கள் அம்பை பக்கத்தில்தான். கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடம், நாறும்பூநாதர் கோயில். கோயிலைச் சுற்றியும் ஆற்றங்கரையிலும் உள்ள மரங்களில் கொக்கு, நாரை, வக்கா எல்லாம் கூடு கட்டும். ஊர்க்காரர்களே காவல் காத்து வந்த இடம். மூன்று ஹெக்டேர்கூட இல்லாத அந்தத் தோப்பு 2005ல் பறவைகள் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ல் திருத்தம் வந்தபோது சேர்ந்த பிரிவு அது. சரணாலயம் மாதிரி ஊர்க்காரரை வெளியே நிறுத்தாமல், ஊராட்சிப் பிரதிநிதியையும் சேர்த்து நிர்வாகக் குழு போடச் சொல்கிறது.

காகிதம் மட்டும் இருந்தால் நீங்கள் சொல்கிற மாதிரிதான் ஆகும். ஊர் காவல் காத்தது, அப்புறம் காகிதம் வந்தது. இரண்டும் வேண்டும்.

மூன்றடைப்புக்காரன் | ஞாயிறு, காலை 11:20

கூந்தன்குளம் எங்களுக்குப் பக்கத்து ஊர். 1994ல் சரணாலயம், 2022ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, இதெல்லாம் பேப்பரில் வந்திருக்கும். அதற்கெல்லாம் ரொம்ப முன்னாலிருந்தே அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். குளத்தில் மட்டும் இல்லை, வீட்டு முற்றத்து மரத்திலேயே நாரை கூடு கட்டும். நாற்றமும் எச்சமும் எவ்வளவு என்று கிட்டே இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எவரும் விரட்டமாட்டார்கள். பறவை வந்தால் ஊருக்கு மழையும் நல்லதும் வரும் என்கிற நம்பிக்கை ஒரு பக்கம். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்கிற கணக்கு இன்னொரு பக்கம். கூட்டில் இருந்து விழுந்த குஞ்சுக்கு மீன் வாங்கிக் கொடுத்து வளர்த்துவிட்டவர்களும் அங்கே உண்டு.

ஆனால் பறவையை மட்டும் பேசினால் போதாது. மணிமுத்தாறு கால்வாயில் கடைசி ரீச் (கடைமடைப் பகுதி) வரை தண்ணீர் வந்தால்தான் அந்தப் பக்கத்துக் குளங்கள் பெருகும். குளம் பெருகினால்தான் மரம் தண்ணீருக்குள் நிற்கும், நாயும் பூனையும் கூட்டுக்குப் போகாது, மீன் இருக்கும், பறவை கூடு கட்டும். தண்ணீர் இல்லாத வருஷம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால் கால்வாய்த் தண்ணீருக்காக விவசாயிகள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும்போது பறவை ஆர்வலர்களும் கூட வந்து நிற்க வேண்டும். இதுவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் ஒரே தண்ணீர்தானே? மடை ரிப்பேர், மறுகால் அடைப்பு, கால்வாயில் கட்டிடம் இதையெல்லாம் கேட்பதும் காட்டுயிர் பாதுகாப்புதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் டீச்சர்.

குளத்தங்கரை | ஞாயிறு, காலை 11:44

தம்பி, அந்தக் குறை எங்கள் மேல் நியாயமானது. அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு நாங்கள் இரண்டு மூன்று பேர் வருகிறோம். கணக்கெடுப்பு எண்களையும் கொண்டுவருகிறோம். தண்ணீர் வந்த வருஷம் எத்தனை கூடு, வராத வருஷம் எத்தனை கூடு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அதிகாரிக்கும் புரியும். எண்ணி வைப்பதன் பலனே அங்கேதான்.

ஹைகிரவுண்ட் நர்ஸ் | ஞாயிறு, மதியம் 1:30

பாம்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. கடித்து வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். அடிக்கப் போய்க் கடி வாங்குகிறவர்கள் நிறைய. வீட்டுக்குள் வந்தால் தள்ளி நின்று தீயணைப்புத் துறைக்கு 101ல் கூப்பிடுங்கள், வந்து பிடித்துப் போவார்கள். கடித்துவிட்டால் கட்டு போடாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடாதீர்கள். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் நேராக அரசு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். எந்தப் பாம்பு என்று நிரூபிக்க அடித்து எடுத்துவர வேண்டியதில்லை. இது தெரிந்தால் பாதிப் பாம்பு பிழைக்கும், மனுஷரும் பிழைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுங்கள் டீச்சர், பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லும்.

சேரை ஆத்தங்கரை | ஞாயிறு, மாலை 4:05

ஆற்றைப் பற்றி நான் சொல்கிறேன். தாமிரபரணியில் நீர்நாய் இருப்பது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. குடும்பம் குடும்பமாக நீந்தும். மீன் இருந்தால், கரையில் நாணலும் பொந்தும் இருந்தால் அது இருக்கும். தோட்டா (வெடி) போட்டு மீன் பிடித்தால், கரையை வழித்து மணல் எடுத்தால் போய்விடும்.

சொரிமுத்தய்யனார் கோயில் புலிகள் காப்பகத்துக்கு உள்ளே, காரையாற்றங்கரையில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குப் பல்லாயிரம் பேர் போகிறோம். அய்யனார் எங்களுக்கும் குலதெய்வம். அமாவாசை முடிந்த மறுநாள் அந்த ஆற்றங்கரையில் பிளாஸ்டிக்கையும் துணியையும் பார்த்தால் மனசு தாங்காது. பாபநாசத்திலும் பரிகாரம் என்று துணியை ஆற்றில் விடுகிறார்கள். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கை வாங்கி வைக்கிறார்கள், தன்னார்வலர்கள் வந்து அள்ளுகிறார்கள், அவர்களுக்குப் புண்ணியம். ஆனால் அள்ளுகிற வேலைக்கு முடிவே கிடையாது. எங்கள் குடும்பத்தில் கிளம்பும் முன்பே பெரியம்மா எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிடுவார்: சமையல் பாத்திரம் எவர்சில்வர், இலையில் சாப்பாடு, துணியை ஆற்றில் விடக்கூடாது, குரங்குக்கு ஒன்றும் போடக்கூடாது. வனக்காவலர் சொன்னால் எதிர்த்துப் பேசுகிற என் மச்சான்மார் பெரியம்மா சொன்னால் பேசமாட்டார்கள். டீச்சர், உங்கள் வகுப்பில் சொரிமுத்தய்யனாருக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள் கட்டாயம் இருப்பார்கள். வேலையை அவர்களிடம் இருந்து ஆரம்பிக்கலாம்.

கேமராக்காரன் | ஞாயிறு, மாலை 4:30

கிளி வளர்ப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம். பனைப் பொந்தில் இருந்து குஞ்சு எடுத்து விற்கிறார்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால் பனையேறி எடுக்க ஆள் இருக்காது. பட்ட பனையை வெட்டாமல் விட்டாலே கிளிக்கும் ஆந்தைக்கும் வீடு கிடைக்கும்.

ராதாபுரம் டீச்சர் | ஞாயிறு, இரவு 8:15

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று மதியமே பிள்ளைகள் சிலரிடம் பேசினேன். எங்கள் ஊர்க் குளத்தில் நாட்டுக் கருவேல மரங்கள் இருக்கின்றன, போன மாசியில் நாரை கூடு கட்டியிருந்ததை இரண்டு பையன்கள் பார்த்திருக்கிறார்கள். மாடு மேய்க்கிற தாத்தா ஒருவர் தன் சின்ன வயசில் இருந்தே வருகிறது என்கிறாராம். மரத்துக்கு மரம் எண் போட்டு, எதில் எத்தனை கூடு என்று கரையில் இருந்தே பார்த்து ஒரு நோட்டில் எழுதலாம் என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். மார்ச் 22 கிராம சபைக்கு அந்த நோட்டோடு போக எண்ணம்.

திருக்குறுங்குடி அண்ணாச்சி, எங்கள் பள்ளியில் இருந்து உங்கள் ஊர் தூரம். ஆனால் அந்தப் பக்கத்துப் பள்ளியில் என்னோடு படித்தவள் வேலை பார்க்கிறாள். நஷ்டஈட்டு மனு எழுதுவதை அவளுடைய பிள்ளைகளிடம் சொல்லலாமா? ஒரு மாதிரி மனு கிடைத்தால் நல்லது.

வக்கீல் சார், எங்கள் குளம் ஒன்றியத்துக்குச் சொந்தமா நீர்வளத்துறைக்கா என்று யாரிடம் கேட்பது?

திருக்குறுங்குடி வாழை | ஞாயிறு, இரவு 8:50

தாராளமாகச் சொல்லுங்கம்மா. நான் போன தடவை கொடுத்த மனுவின் நகல் இருக்கிறது, பெயரை மறைத்து நாளை போடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த டீச்சர் வந்தால் தோட்டத்தைக் காட்டுகிறேன். பன்றித் தடம் எது, முள்ளம்பன்றி வேலை எது என்று பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தப்பாக எழுதினால் மனு திரும்பி வந்துவிடும்.

அம்பை வக்கீல் | ஞாயிறு, இரவு 9:20

கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள், ஊராட்சிச் செயலரும் சொல்வார். ஆயக்கட்டு எவ்வளவு, மரம் யார் நட்டது, மீன் குத்தகை எப்போது முடிகிறது, இந்த மூன்றையும் கேட்டு இங்கே எழுதுங்கள். குத்தகை முடிகிற தேதிக்கு முன்னாலேயே மனு போய்விட வேண்டும். விவரம் வந்ததும் தீர்மானத்துக்கான வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.